சொன்ன சொல்லும் விட்ட தடமும்

கைபேசியில் எழுத்தின் அளவைப் பெரிதாக்கி வைக்கிறோம். திரையின் வெளிச்சத்தைக் குறைக்கிறோம். இரவு பத்து மணிக்கு மேல் மணி அடிக்கக் கூடாது என்று ஒரு செயலியிடம் சொல்லிவைக்கிறோம். செட்டிங்ஸ் என்று அன்றாடம் நாம் குறிப்பிடும் இந்தச் சிறு ஏற்பாடுகள் ஒவ்வொன்றிலும் ஒரு மனிதர் தன் விருப்பத்தைச் சொல்லி, அதை நினைவில் வைக்கும் பொறுப்பை ஒரு கருவியிடம் ஒப்படைக்கிறார். ஒப்படைத்ததை மென்பொருள் எங்கே சேமிக்க வேண்டும், எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் பொறியாளர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளும் விஷயமாகவே இருந்துவருகிறது. ஆனால் அதன் அடியில் கிடப்பது மிகப் பழைய கேள்வி. ஒருவருடைய விருப்பம் என்று எதைக் கொள்வது? அவர் அறிந்து சொன்னதையா, அவர் நடந்துகொண்ட விதத்தையா, எதுவும் சொல்லாமல் இருந்ததையா? சமயங்களும் தத்துவங்களும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வாதிட்டுவரும் இந்தக் கேள்விக்கு, மென்பொருள் எழுதுவோர் இன்று நாள்தோறும் விடை எழுதுகிறார்கள். பெரும்பாலும் கேள்வியைக் கவனிக்காமலே எழுதுகிறார்கள். மனிதர் அறிந்து சொன்னதை வாக்காக மதித்துக் காக்க வேண்டும். அவர் விட்டுச்சென்ற தடத்தை அவர் சொன்ன சொல்லாக மாற்றக் கூடாது. அவருடைய மௌனத்தை மௌனமாகவே குறித்துவைக்க வேண்டும். நான் இங்கே முன்வைக்கும் வாதம் இதுதான்.

முதலில், விருப்பங்கள் குடியிருக்கும் இடம் எப்படி மாறியது என்று பார்ப்போம். யூனிக்ஸ் மரபில் ஒரு பயனரின் விருப்பங்கள் அவருடைய சொந்தக் கோப்புறையில், புள்ளியில் தொடங்கும் பெயர்கொண்ட சிறு கோப்புகளில் இருக்கும். விம் என்ற உரைத்தொகுப்பியின் அமைப்புக் கோப்பைத் திறந்தால் 'செட் நம்பர்' என்று இரண்டே சொற்களில் ஒரு வரி இருக்கக்கூடும். ஒவ்வொரு வரிக்கும் எண் போட்டுக் காட்டு என்பது அதன் பொருள். அந்த வரியை எழுதியவரே அதற்குச் சொந்தக்காரர். அவர் அதைப் படிக்கலாம், அழிக்கலாம், எதற்காக எழுதினோம் என்று பக்கத்தில் குறிப்பு எழுதிவைக்கலாம், இன்னொரு கணினிக்கு எடுத்துச் செல்லலாம். விண்டோஸ் 95 வந்தபோது இத்தகைய விருப்பங்கள் பெருமளவில் ரெஜிஸ்ட்ரி என்ற மையக் களஞ்சியத்துக்குள் போயின. சாதாரணப் பயனர் திறந்து படித்துப் புரிந்துகொள்ளும் எளிமை அதில் இல்லை. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டூலி உருவாக்கிய குக்கி, பயனரின் கணினியிலேயே தங்கும் ஒரு சிறு குறிப்பாகத்தான் பிறந்தது. அதே குறிப்பு சில ஆண்டுகளுக்குள் விளம்பர நிறுவனங்கள் ஒரே ஆளைத் தளம் தளமாகப் பின்தொடரும் அடையாளமாகியது. இன்று நம் விருப்பங்களில் பெரும்பகுதி நிறுவனங்களின் சர்வர்களில் இருக்கிறது. நினைவு நம் வீட்டிலிருந்து அவர்கள் வீட்டுக்குக் குடிபெயர்ந்தபோது, நினைவில் வைக்கப்படும் பொருளும் மாறியது. முன்பு நாம் சொன்னவை மட்டுமே பதிவாயின. இப்போது எதை எத்தனை விநாடி பார்த்தோம், எங்கே விரலை நிறுத்தினோம், எதைப் பாதியில் விட்டோம் என்பதெல்லாம் சேர்ந்து 'உங்கள் விருப்பங்கள்' என்ற ஒரே பெயரில் பதிவாகின்றன.

சொன்னதையும் செய்ததையும் இப்படி ஒரே பெயரில் கலப்பது எவ்வளவு பெரிய பிழை என்பதைச் சமய மரபுகள் தெளிவாக உணர்ந்திருந்தன. இந்து வழிபாட்டில் சடங்கு சங்கல்பத்துடன் தொடங்குகிறது. செய்பவர் தாம் இருக்கும் இடம், காலம், தம் பெயர், செய்யப்போகும் காரியத்தின் நோக்கம் ஆகியவற்றைச் சொல்லிய பிறகே காரியத்தில் இறங்குகிறார். யார், எங்கே, எப்போது, எதற்காக என்று எல்லாம் வரையறுக்கப்பட்ட தீர்மானம் அது. இஸ்லாத்தில் தொழுகைக்கும் நோன்புக்கும் நிய்யத், அதாவது மனத்தில் கொள்ளும் எண்ணம், அடிப்படை. நிய்யத் இல்லாமல் ஒருவர் விடியலிலிருந்து அந்திவரை உண்ணாமல் பருகாமல் இருந்தாலும் அது நோன்பாகாது. வெளியே நின்று பார்ப்பவருக்கு நோன்பிருப்பவரும் உணவு கிடைக்காதவரும் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள். அன்று அவர்கள் உண்டதையும் உண்ணாததையும் ஒரு இயந்திரம் பதிவுசெய்தால் இரண்டு பதிவுகளுக்கும் இம்மியளவும் வேறுபாடு இருக்காது. ஆனால் அந்த இரண்டு பகல்களும் ஒன்றல்ல என்று எந்த மனிதரும் அறிவார். சங்கல்பத்துக்கு எதிர்ப்புறத்தில் யோக நூல்கள் வாசனையை வைக்கின்றன. செய்த செயல்கள் மனத்தில் விட்டுச்செல்லும் பதிவு அது. நம்மைக் கேட்காமலே அடுத்த செயலை நோக்கித் தள்ளுவது. வாசனையிலிருந்து விடுபடுவது எப்படி என்பதே அந்த நூல்களின் கவலை. இன்றைய மென்பொருளில் பெரும்பகுதி நம் வாசனையை அளந்து, சேமித்து, அதையே நம் சங்கல்பம் என்று நமக்குத் திருப்பிக் காட்டுகிறது.

செயலுக்கு எடையா, எண்ணத்துக்கு எடையா என்ற வழக்கு இந்த மண்ணில் மிகக் கூர்மையாக நடந்தது. பௌத்தர்களின் மஜ்ஜிம நிகாயத்தில் 56ஆவது உரையாக உள்ள உபாலி சுத்தம் நாளந்தாவில் நடந்த ஒரு விவாதத்தைப் பதிவுசெய்கிறது. தீய செயல்களில் உடலால் செய்வதே மிகக் கனமானது என்பது நிகண்டர்கள், அதாவது சமணர்கள், தரப்பாக அதில் வருகிறது. மனத்தால் செய்வதே கனமானது என்கிறார் புத்தர். செல்வந்தரான உபாலி நிகண்டர் தரப்பைப் பேச வந்தவர். நடந்து போகும்போது தெரியாமல் சிற்றுயிர்கள் சாகின்றனவே, அதற்கு உங்கள் தலைவர் என்ன சொல்கிறார் என்று புத்தர் கேட்கும்போது, எண்ணமில்லாமல் நடந்ததை அவர் பெருங்குற்றமாகச் சொல்வதில்லை என்று உபாலியே ஒப்புக்கொள்கிறார். இது பௌத்தர்கள் எழுதிய பதிவு. சமணர்களின் முழு வாதத்தை இதில் எதிர்பார்க்க முடியாது. அறியாமல் நடந்தாலும் விளைவுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற சமணக் கவலைக்கு அதற்கே உரிய மதிப்பு உண்டு. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செயலுக்கு முதல் எடை கொடுத்த தரப்புகூட, அந்தச் செயலைவைத்து 'இவர் விரும்பியது இதுதான்' என்று முடிவுகட்டவில்லை. ஒரு செயலுக்கு ஒருவரைப் பொறுப்பாக்குவது வேறு. அந்தச் செயலை அவருடைய விருப்பம் என்று அறிவிப்பது வேறு. இரண்டாவதைத்தான் இன்றைய மென்பொருள் துணிந்து செய்கிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மனிதர் சொல்வதைவிடச் செய்வதுதான் உண்மை. வாய் பொய் சொல்லும், கை பொய் சொல்லாது. பொருளியலில் இந்தக் கருத்துக்கு மதிப்பான இடம் இருக்கிறது. பால் சாமுவேல்சன் 1938இல் தொடங்கிவைத்த 'வெளிப்பட்ட விருப்பம்' என்ற கோட்பாடு, ஒருவர் மனத்துக்குள் என்ன இருக்கிறது என்று துழாவாமல் அவர் எதைத் தேர்ந்தெடுத்தார் என்பதைவைத்து விருப்பத்தை அறியலாம் என்றது. நெட்ஃபிளிக்ஸ் 2017இல் தன் ஐந்து நட்சத்திர மதிப்பீட்டைக் கைவிட்டுக் கட்டைவிரல் குறிக்கு மாறியது. கனமான ஆவணப்படங்களுக்கு மக்கள் நட்சத்திரங்களை அள்ளிக் கொடுத்தார்கள், ஆனால் உட்கார்ந்து பார்த்தது இலகுவான நகைச்சுவைகளை என்பது அதன் பின்னாலிருந்த அனுபவம். 2009இல் வெளியான ஓர் ஆய்வு ஆஸ்திரேலியாவில் இணையம்வழி டிவிடி வாடகைக்கு எடுத்தவர்களை ஆராய்ந்தது. 'பார்க்க வேண்டியவை' என்று மனிதர்கள் கருதும் படங்கள் வீட்டில் அதிக நாள் பிரிக்கப்படாமல் கிடந்தன. 'பார்க்க ஆசையானவை' சீக்கிரம் திரும்பி வந்தன. இந்த உண்மைகளை மறுக்கத் தேவையில்லை. ஆனால் இவற்றிலிருந்து கிடைக்கும் முடிவு என்ன? ஆவணப்படத்தை வாடகைக்கு எடுத்தவர் பொய் சொல்லவில்லை. தான் எப்படிப்பட்டவராக இருக்க விரும்புகிறார் என்பதை அவர் அந்தத் தேர்வின் மூலம் சொன்னார்.

அமெரிக்கத் தத்துவவாதி ஹாரி ஃபிராங்க்பர்ட் 1971இல் எழுதிய கட்டுரை இங்கே கைகொடுக்கிறது. ஆசைகள் எல்லா உயிர்களுக்கும் உண்டு. தன் ஆசைகளைப் பற்றியே ஆசைப்படுவதுதான் ஆளுமை கொண்ட ஒருவரின் அடையாளம் என்றார் அவர். போதைக்கு அடிமையாகி, அந்த அடிமைத்தனத்தை வெறுக்கும் ஒருவரை அவர் எடுத்துக்காட்டுகிறார். அவருடைய கை மருந்தை நோக்கி நீளுகிறது. அவருடைய உள்ளம் அந்தக் கை நீளக் கூடாது என்று விரும்புகிறது. நடத்தையை மட்டும் பதிவுசெய்யும் இயந்திரம் அவரை 'மருந்து விரும்பி' என்று எழுதிவைக்கும். அடுத்த முறை மருந்தை இன்னும் அருகில் கொண்டுவந்து வைக்கும். செட்டிங்ஸ் பக்கம் ஒரு மென்பொருளில் இவ்வளவு முக்கியமாவது இதனால்தான். மனிதர் சற்று நின்று, தன் பழக்கத்தைத் தானே பார்த்து, 'இப்படி இருக்கட்டும்' என்று தீர்மானம் சொல்லும் இடம் மென்பொருளில் அது ஒன்றுதான். அறிவிப்புகளை நிறுத்திவைத்தவர் இரவில் பலமுறை செயலியைத் திறந்து பார்க்கிறார் என்பதற்காக, 'உங்களுக்கு அறிவிப்புகள் வேண்டும்போலத் தெரிகிறது' என்று அவற்றைத் திரும்ப இயக்குவது, அவருக்குள் இருக்கும் வலுவற்ற பக்கத்துடன் கூட்டுச் சேர்ந்து அவரைத் தோற்கடிப்பதாகும்.

இனி மௌனத்துக்கு வருவோம். 'என்னைப் பின்தொடராதே' என்ற ஒரு செட்டிங்கின் வரலாறு இதற்குச் சரியான சான்று. 2009இல் சில ஆய்வாளர்கள் எளிய யோசனை ஒன்றைச் சொன்னார்கள். உலாவி ஒவ்வொரு தளத்துக்கும் கோரிக்கை அனுப்பும்போது, பின்தொடர வேண்டாம் என்று ஒரு சிறு குறியையும் சேர்த்து அனுப்பும். தளம் அதை மதிக்கும். 2010 டிசம்பரில் அமெரிக்க வணிக ஆணையம் அந்த யோசனையை ஆதரித்தது. 2011இல் ஃபயர்ஃபாக்ஸ் அதைச் சேர்த்தது. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பில் பணிக்குழுவும் அமைந்தது. அந்தக் குறிக்கு மூன்று நிலைகள் இருந்தன. ஒன்று என்றால் பின்தொடராதே. சுழியம் என்றால் பின்தொடரலாம். குறியே இல்லையென்றால் பயனர் இன்னும் எதுவும் சொல்லவில்லை. 2012இல் மைக்ரோசாஃப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 10 உலாவியில் 'பின்தொடராதே' என்பதைப் பயனர் கேட்காமலே இயக்கிவைக்கப் போவதாக அறிவித்தது. அப்போது அந்தத் தரத்தை எழுதும் பணியில் இருந்தவரும் அப்பாச்சி என்ற இணைய சர்வர் மென்பொருளை உருவாக்கியவர்களில் ஒருவருமான ராய் ஃபீல்டிங், அந்த உலாவியிலிருந்து வரும் குறியைப் பொருட்படுத்தாதபடி அப்பாச்சியில் ஒரு மாற்றத்தைச் சேர்த்தார். மனிதர் தானே தேர்ந்தெடுத்ததைத்தான் இந்தக் குறி சொல்ல வேண்டும். உலாவி நிறுவனம் அவருக்காகத் தேர்ந்தெடுத்ததை அவர் விருப்பமாக ஏற்க முடியாது என்பது அவர் வாதம். பலத்த சர்ச்சைக்குப் பின் அந்த மாற்றம் விலக்கிக்கொள்ளப்பட்டது. விளம்பரத் துறை அந்தக் குறியைப் பெரும்பாலும் மதிக்கவில்லை. 2019 ஜனவரியில் பணிக்குழு மூடப்பட்டது.

ஃபீல்டிங்கின் கொள்கை சரியானதே. சொல்லாத ஒருவரின் வாயில் நிறுவனம் சொல் போடக் கூடாது, அந்தச் சொல் அவருக்கு நன்மை தருவதாக இருந்தாலும். ஆனால் அந்தக் கொள்கையை ஒரு பக்கத்துக்கு மட்டும் பொருத்தியதில்தான் அநீதி நிகழ்ந்தது. 'வேண்டாம்' என்பதற்கு மட்டும், இதை உண்மையிலேயே அந்த மனிதர்தான் சொன்னாரா என்று ஆதாரம் கேட்ட விளம்பரத் துறை, 'வேண்டும்' என்பதற்கு எந்த ஆதாரமும் கேட்கவில்லை. குறி இல்லாத கோடிக்கணக்கான மனிதர்களை அது வழக்கம்போலப் பின்தொடர்ந்தது. மௌனம் சம்மதம் என்று நாம் பேச்சுவாக்கில் சொல்கிறோம். திருமணப் பேச்சில் ஒரு பெண்ணின் மௌனத்தை அப்படி எடுத்துக்கொண்டு எத்தனை வாழ்க்கைகள் திசைமாறின என்பதை இந்தச் சமூகம் அறியும். அந்தச் சொலவடை வலுவுள்ளவர் வலுவற்றவரின் மௌனத்துக்குத் தனக்கு வசதியான பொருளைக் கொடுக்கும் முறை. ஐரோப்பிய நீதிமன்றம் 2019 அக்டோபர் 1 அன்று பிளானட்49 என்ற ஜெர்மானிய நிறுவனத்தின் வழக்கில், முன்கூட்டியே டிக் அடித்துவைத்த கட்டத்தைப் பயனர் நீக்காமல் விட்டதைச் சம்மதமாகக் கொள்ள முடியாது என்று தீர்ப்பளித்தது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தெளிவான, வெளிப்படையான செயலால் தரப்படுவதே சம்மதம் என்கிறது.

இன்மையைத் தனியாகக் குறித்துவைப்பது இந்தியத் தத்துவத்துக்கு அந்நியமானதல்ல. பிற்கால வைசேடிகர்கள் இன்மையையும் ஒரு பதார்த்தமாக, அதாவது பொருள்வகையாக, எண்ணினார்கள். குமாரிலபட்டரின் வழிவந்த மீமாம்சகர்களும் அத்வைதிகளும், ஒரு பொருள் அங்கே இல்லை என்பதை அறிவதற்கு அனுபலப்தி என்ற தனிப் பிரமாணத்தையே ஏற்றார்கள். பானை இல்லாத தரையைப் பார்த்து 'பானை இல்லை' என்று அறிவது ஓர் உண்மையான அறிவு. அந்த வெற்றிடத்தில் ஏதோ ஒரு பானையைக் கற்பித்துக்கொள்வது அறிவாகாது. மென்பொருளில் இதற்கு நேரடியான பயன் உண்டு. ஒரு செயலியை முதல்முறை திறந்தவுடனே, எல்லா இயல்புநிலை மதிப்புகளையும் பயனரின் அமைப்புக் கோப்பில் எழுதிவைப்பது பலர் செய்யும் தவறு. பிறகு அந்தக் கோப்பைப் பார்த்து எது அவர் தேர்ந்தெடுத்தது, எது அவர் தொடாமல் விட்டது என்று யாராலும் பிரித்தறிய முடியாது. விஷுவல் ஸ்டூடியோ கோட் என்ற நிரலெழுதும் கருவி நல்ல வழியைக் காட்டுகிறது: பயனர் தானே மாற்றியவை மட்டும் அவருடைய கோப்பில் இருக்கும், மற்றவை கருவியின் இயல்புநிலைப் பட்டியலில் தனியே இருக்கும். நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளோ ஒரு படி மேலே போய், ஒவ்வொரு அமைப்பும் எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று கேட்டால் காட்டுகிறது. கணினி முழுவதற்கும் பொதுவானதா, பயனர் தனக்காக வைத்ததா, இந்த ஒரு வேலைக்கு மட்டும் வைத்ததா என்பது உடனே தெரிந்துவிடும். சொல்லையும் சொன்னவரையும் பிரிக்காமல் சேமிப்பதே உண்மையான நினைவு.

இதற்கு வரும் அடுத்த மறுப்பு நடைமுறை சார்ந்தது. பெரும்பாலான மனிதர்கள் எந்த செட்டிங்கையும் தொடுவதில்லை. அவர்களுக்காக யாராவது தீர்மானித்துத்தானே ஆக வேண்டும்? ஆம், தீர்மானிக்க வேண்டும். இயல்புநிலையின் வலிமை சாதாரணமானதும் அல்ல. எரிக் ஜான்சனும் டேனியல் கோல்ட்ஸ்டைனும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், மறுத்தாலொழிய எல்லோரும் உறுப்புக் கொடையாளர்கள் என்று கொள்ளும் ஆஸ்திரியாவில் சம்மத விகிதம் 99 சதவீதத்துக்கு மேல் இருந்தது. கேட்டுப் பெற வேண்டிய ஜெர்மனியில் அது 12 சதவீதம். பக்கத்துப் பக்கத்து நாட்டு மக்களின் கருணையில் இவ்வளவு வேறுபாடு இருக்க முடியாது. படிவத்தை எழுதியவர்தான் அந்த வேறுபாட்டை உண்டாக்கினார். ஆகவே இயல்புநிலை யாருடைய செயல் என்று கேட்டால், அதை வைத்தவருடைய செயல் என்பதே நேர்மையான பதில். அதன் நன்மைக்கும் தீமைக்கும் மென்பொருளை உருவாக்கியவரே பொறுப்பு. 'பயனர் மாற்றிக்கொண்டிருக்கலாமே' என்று அவர் கைகழுவ முடியாது. ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை தன் 25ஆவது பிரிவில், இயல்புநிலையே பயனரைக் காப்பதாக இருக்க வேண்டும் என்று நிறுவனங்கள்மேல் கடமை சுமத்தியிருப்பது இந்த அடிப்படையில்தான். நடத்தையைப் பார்த்து ஊகிப்பதையும் முற்றாகத் தடைசெய்யத் தேவையில்லை. ஊகம் ஊகமாகவே இருக்கட்டும். 'இப்படி மாற்றட்டுமா' என்று ஒருமுறை கேட்கட்டும். தனி இடத்தில், பார்க்கக்கூடியதாக, குறிப்பிட்ட காலத்தில் தானே அழிவதாக இருக்கட்டும். அறிந்து சொன்ன சொல்லுடன் அது மோதினால் ஒவ்வொரு முறையும் சொல்லே வெல்லட்டும்.

சொன்னதைக் காப்பது என்றால் என்ன என்பதற்கு நம்மிடம் நல்ல முன்மாதிரி உண்டு. ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருளை நாம் அடைக்கலப் பொருள் என்கிறோம். தமிழ் முஸ்லிம்கள் அமானிதம் என்கிறார்கள். மனுவின் நூல் வழக்குகளைப் பதினெட்டு வகையாகப் பிரிக்கையில் கடனுக்கு அடுத்தபடியாக வைப்பது ஒப்படைத்த பொருளைப் பற்றிய வழக்கை. அர்த்தசாஸ்திரம், அத்தகைய பொருளை வைத்திருப்பவர் தன் தேவைக்குப் பயன்படுத்திக்கொள்வதைத் தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. பொருள் தொலையாமல் இருந்தால் போதாது. வைத்திருப்பவர் அதைத் தொட்டுப் பயன்படுத்தவும் கூடாது. இந்த அளவுகோலைவைத்துப் பார்த்தால் நம் காலத்தின் தவறுகள் தெளிவாகத் தெரிகின்றன. கணக்கின் பாதுகாப்புக்காக என்று சொல்லிப் பயனர்களிடம் வாங்கிய தொலைபேசி எண்களையும் மின்னஞ்சல் முகவரிகளையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தியதற்காக, 2022 மே மாதம் ட்விட்டர் அமெரிக்காவில் 15 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. 'இடப் பதிவு' என்ற செட்டிங்கை அணைத்துவைத்த பிறகும் வேறொரு செட்டிங்கின் வழியாக கூகுள் பயனர்களின் இடத்தைச் சேமித்ததை 2018 ஆகஸ்டில் அசோசியேட்டட் பிரஸ் வெளிக்கொண்டுவந்தது. அது 40 அமெரிக்க மாநிலங்களுடன் 39.15 கோடி டாலர் உடன்பாட்டில் 2022 நவம்பரில் முடிந்தது. அந்தப் பயனர்களின் 'வேண்டாம்' அழிக்கப்படவில்லை. அது உரிய இடத்தில் பத்திரமாகவே இருந்தது. பக்கத்திலேயே அதன் பொருள் மீறப்பட்டது. சொல்லைச் சேமித்து அதன் கருத்தைக் கைவிடுவது நினைவாகாது.

அடிக்கடி கேட்டுத் தொல்லை செய்யாமல் இருப்பதற்காகத்தான் ஊகிக்கிறோம் என்று சிலர் சொல்வார்கள். இணையதளத்துக்கு இணையதளம் எழும் குக்கி அறிவிப்புகளை அவர்கள் சான்றாகக் காட்டுவார்கள். ஆனால் அந்தத் தொல்லையின் காரணத்தைப் பார்க்க வேண்டும். 'சரி' என்று ஒருமுறை சொன்னால் பல தளங்கள் அதை நெடுங்காலம் நினைவில் வைக்கின்றன. 'வேண்டாம்' என்றால் அடுத்த வருகையில் மீண்டும் கேட்கின்றன. பிரான்சின் தரவுக் காப்பு ஆணையமான சிஎன்ஐஎல், மறுப்பையும் சம்மதத்தைப் போலவே ஆறு மாத காலம் நினைவில் வைப்பது நல்ல நடைமுறை என்று பரிந்துரைத்தது. குக்கியை ஏற்க ஒரு கிளிக், மறுக்கப் பல கிளிக் என்று வைத்திருந்ததற்காக 2022 ஜனவரியில் அது கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் அறிவித்தது. மறுப்பை மறப்பது தொழில்நுட்ப இயலாமை என்று சொல்ல வழியில்லை; சம்மதத்தை நினைவில் வைக்கும் அதே குக்கி மறுப்பையும் நினைவில் வைக்கும். ஒரே சொல்லை எல்லாத் தளங்களுக்கும் சொல்லும் புதிய குறி ஒன்று 2020இல் வந்தது. அந்தக் குறியை மதிக்கவில்லை என்பதும் குற்றச்சாட்டுகளில் ஒன்றாக இருந்த வழக்கில் 2022 ஆகஸ்டில் செஃபோரா நிறுவனம் கலிஃபோர்னியாவில் 12 லட்சம் டாலர் கட்டியது. பத்தாண்டுக்கு முன் கேட்பாரற்றுப் போன சொல்லுக்கு அங்கே சட்டத்தின் காவல் கிடைத்துவிட்டது.

ஆழமான மறுப்பு ஒன்று மீதமிருக்கிறது. நேற்றைய நான் சொன்ன சொல் இன்றைய என்னை ஏன் கட்டுப்படுத்த வேண்டும்? மனிதர் மாறுகிறவர், அவர் சொன்னதையெல்லாம் கல்லில் வெட்டிவைத்தால் நினைவே சிறையாகிவிடும். தத்துவவாதி டெரெக் பார்ஃபிட் 1984இல் வெளியிட்ட நூலில் ஓர் இளம் ரஷ்யப் பிரபுவைக் கற்பனை செய்கிறார். தனக்குப் பின்னாளில் வரப்போகும் நிலங்களை விவசாயிகளுக்குக் கொடுக்க விரும்புகிறவர் அவர். வயதானால் தன் இலட்சியம் மங்கிவிடும் என்று அஞ்சி, இப்போதே பத்திரம் எழுதி, அதை ரத்துசெய்யும் அதிகாரத்தை மனைவியிடம் மட்டும் கொடுக்கிறார். பின்னாளில் தானே வந்து கேட்டாலும் ஒப்புக்கொள்ளாதே என்று வாக்கு வாங்குகிறார். கைபேசித் திரைநேரத்துக்குக் கட்டுப்பாடு வைத்து, அதைத் திறக்கும் எண்ணைத் துணைவரிடம் கொடுத்துவைப்போர் செய்வதும் இதைத்தான். இத்தகைய கட்டு நியாயமாவது, திறவுகோல் யாரிடம் இருக்க வேண்டும் என்பதை அந்த மனிதரே தீர்மானித்ததால். அந்தத் திறவுகோலை ஒருபோதும் நிறுவனம் தன் கையில் எடுத்துக்கொள்ளக் கூடாது. மற்ற எல்லாச் சொற்களுக்கும் விடுதலை வழி திறந்திருக்க வேண்டும். சமயங்கள் இதையும் மறக்கவில்லை. விரதத்தை முறையாக நிறைவுசெய்ய உத்யாபனம் என்ற சடங்கு உண்டு. யூத மரபில் நேர்ச்சை செய்தவர் மூவர் முன்னிலையில் அதிலிருந்து விடுதலை பெறலாம். வாக்கின் புனிதத்தை மிக உயரத்தில் வைத்த மரபுகளே, வாக்கிலிருந்து கண்ணியமாக வெளியேறும் வாசலையும் கட்டின. சம்மதத்தைத் தருவது எவ்வளவு எளிதோ அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்று நம் 2023ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வது இதே அறம். நினைவில் வைப்பதும் மறப்பதும் ஒரே கடமையின் இரு பகுதிகள். இரண்டுக்கும் ஆணை சொன்னவரிடமிருந்தே வர வேண்டும்.

எழுத்தின் அளவும் திரையின் நிறமும் இவ்வளவு பெரிய பேச்சுக்கு உரியவையா என்று கேட்கலாம். பார்வை மங்கிய முதியவர் ஒருவர் பேரப்பிள்ளையின் உதவியோடு பெரிதாக்கி வைத்த எழுத்து, ஒரு புதுப்பிப்புக்குப் பின் சிறியதாகிவிட்டால், அவர் மீண்டும் இன்னொருவர் கையை எதிர்பார்க்க வேண்டும். உலாவியில் தமிழை முதல்மொழியாக வைத்திருப்பவரின் ஒவ்வொரு கோரிக்கையிலும் அந்த விருப்பம் தளத்துக்குப் போய்ச் சேர்கிறது. அதைப் படிக்காமல் அவர் எந்த ஊரிலிருந்து வருகிறார் என்று பார்த்து அந்த ஊரின் மொழியைத் திணிக்கும் தளம், அவர் சொன்னதைவிட அவர் நிற்கும் இடத்தை நம்புகிறது. ஒருவருக்கு இது சிறு தொந்தரவு. கோடிக்கணக்கானோருக்கு நாள்தோறும் நிகழும்போது, சொல்லிப் பயனில்லை என்று மனிதர்கள் பழகிப்போகிறார்கள். தன் சொல்லுக்கு மதிப்பிருக்காது என்று பழகிய மனிதர் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறப்பதையே நிறுத்திவிடுகிறார். பிறகு அந்த மௌனத்தையே அவருடைய விருப்பத்துக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள்.

சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் உலகம் முழுக்கப் பயன்படும் மென்பொருளை எழுதிக்கொண்டிருக்கும் தமிழ்ப் பொறியாளர்கள் ஆயிரமாயிரம் பேர். நிறுவனத்தின் கொள்கையை மாற்றும் அதிகாரம் அவர்களில் பலருக்கு இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஒரு செட்டிங்குக்கு இரண்டு நிலை வைப்பதா மூன்று நிலை வைப்பதா, இயல்புநிலையைப் பயனரின் பெயரில் எழுதுவதா தனியே வைப்பதா, புதுப்பிப்பின்போது பழைய விருப்பத்தைச் சுமந்து வருவதா துடைத்துவிடுவதா என்பதையெல்லாம் பல நேரம் அவர்களே தீர்மானிக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுக்கொள்வது இதைத்தான். சொன்னதைச் சொன்னவரின் பெயரில், அவர் படிக்கக்கூடிய வடிவில் எழுதிவையுங்கள். ஊகித்ததை உங்கள் பெயரில் வையுங்கள். சொல்லாத இடத்தைக் காலியாக விடுங்கள். 'வேண்டாம்' என்ற சொல்லுக்கு 'வேண்டும்' என்ற சொல்லுக்குள்ள அதே ஆயுளைக் கொடுங்கள். அழிக்கச் சொன்னால் அழித்துவிடுங்கள். இவை எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. இன்று எழுதும் நிரலிலேயே தொடங்கிவிடலாம்.